டிரெய்லர் டயருக்கு எத்தனை பவுண்டு காற்று?

கிருஷ்ணகிரி பக்கம் எந்தப் பஞ்சர் கடையிலும் நின்று, டிரெய்லர் டயருக்கு எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். (பவுண்டு என்றால் இங்கே எடை இல்லை, காற்றழுத்தத்தின் அளவு, அதாவது psi.) ஒருவர் "முப்பத்தஞ்சு போதுங்க" என்பார். அடுத்த கடையில் "லோடு ஏத்துற வண்டிதானே, அறுபது அடிச்சுக்கங்க" என்பார்கள். டிராக்டர் வைத்திருப்பவரிடம் கேட்டால் கட்டை விரலால் டயரை அழுத்திக் காட்டி "கல்லு மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்" என்பார். மூன்று பேருமே அனுபவசாலிகள்தான். ஆனால் மூன்று பேரில் ஒருவர்கூட "எவ்வளவு எடை ஏத்தப் போறீங்க?" என்று கேட்டிருக்க மாட்டார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மீதி எல்லாம் அந்த எடையிலிருந்து எண்ணுக்கு எப்படி வருவது என்ற கணக்கு.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கக் காரணம் என் மைத்துனன். காவேரிப்பட்டணத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் நடுவில் சில ஏரிகளில் மீன் குத்தகை எடுத்திருக்கிறான். கட்லா, ரோகு, மிர்கால் விட்டு வளர்க்கிறார்கள். முன்பெல்லாம் பரிசலை வைத்தே வேலை ஓடியது, இப்போது தீவனம் தூவுவதற்கும் வலை இழுப்பதற்கும் ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கிவிட்டான். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு படகு வாங்க முடியாது என்பதால் ஒரே படகை ஏரிக்கு ஏரி இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்காக லேத் பட்டறையில் சொல்லி இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று அடித்து வாங்கினான், பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற மாதிரி. பட்டறைக்காரர் சட்டத்தை நன்றாகவே வெல்டிங் செய்திருந்தார். டயருக்கு என்ன காற்று என்று கேட்டதற்கு மட்டும் "அது டயர் கடையில கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டாராம். "மாமா, நீங்களே ஒரு நம்பர் சொல்லிடுங்க" என்று என்னிடம் வந்து நின்றான்.

உடனே ஒரு நம்பர் சொல்வது சுலபம். காருக்கு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்று. அந்த எண்ணை வண்டி தயாரித்தவர்கள் அந்த வண்டியின் எடையை வைத்துத்தான் போடுகிறார்கள். பட்டறையில் அடித்த டிரெய்லருக்கு ஸ்டிக்கர் ஏது? அந்த ஸ்டிக்கரை நாம்தான் தயாரிக்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் அதற்குள் இருக்கும் நூலும் கம்பியும் அந்தக் காற்றை அடைத்து வைத்திருக்கும் பை மட்டும்தான். ஒரு டயர் மீது 300 கிலோ உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கு ஏற்ற அளவுக்கு டயர் தரையில் படிந்து அந்த 300 கிலோவைத் தாங்கும். அழுத்தம் குறைவு என்றால் அதிகமாகப் படியும். அதிகமாகப் படிந்தால் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். 12 இஞ்ச் ரிம் போட்ட சின்ன டயர் ஒரு கிலோமீட்டருக்கு 600 தடவைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்தால் சூடு ஏறும், சூடு ஏற ஏற ரப்பருக்கும் நூலுக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பு விட ஆரம்பிக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டை பட்டையாகக் கிழிந்து கிடக்கும் டயர்த் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் பல காற்று குறைவாகவோ சுமை அதிகமாகவோ ஓடியதால் வந்தவை. "காத்து அதிகமானாதான் டயர் வெடிக்கும்" என்ற நம்பிக்கை நம் ஊரில் ரொம்பப் பலமாக இருக்கிறது. வெயில் காலம் வந்தால் வேண்டுமென்றே இரண்டு பவுண்டு குறைத்து அடிக்கிறவர்கள் உண்டு. அது நேர் எதிரான வேலை. குறைத்தால் மடிப்பு கூடும், மடிப்பு கூடினால் சூடு கூடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரியைச் சுற்றியிருக்கும் மாங்கூழ் ஆலைகளின் வாசலுக்குப் போங்கள். மே, ஜூனில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் பிக்கப்புகளும் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் ஒரு டிராக்டர் டிரெய்லரின் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது பக்க டயரின் அடிப்பகுதி பிதுங்கி வெளியே வந்திருந்தது. வலது பக்கம் நேராக நின்றது. அப்போதுதான் வந்து நின்ற வண்டி. சைடுவாலில் புறங்கையை வைத்தேன். வலது பக்கம் வெதுவெதுப்பு, இடது பக்கம் மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தது. அதே சாலை, அதே வெயில், அதே மாங்காய். இரண்டு டயருக்கும் வித்தியாசம் காற்று மட்டும்தான். ஓட்டி வந்த தம்பியிடம் சொன்னேன், "காலைல அடிச்சதுதாண்ணே, ரெண்டும் சமமாதான் அடிச்சாங்க" என்றார். வால்வு வழியாக மெதுவாக இறங்கியிருக்கிறது. வால்வுக்கு மூடி இல்லை, உள்ளே மண் அடைத்திருந்தது. அந்தச் சின்ன மூடியை யாரும் மதிப்பதே இல்லை.

சரி, அப்படியென்றால் நிறைய அடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. சுமைக்கு மீறிய காற்று அடித்த டிரெய்லர் துள்ளும். படகு டிரெய்லரில் இது பெரிய தொல்லை, ஏனென்றால் படகுக்கு எடை குறைவு, பெரும்பாலும் டிரெய்லர் பாதிச் சுமையில்தான் ஓடுகிறது. நம் கிராமத்துச் சாலைகளில் தெருவுக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர். ஒவ்வொன்றிலும் சக்கரம் தரையை விட்டு எழும்பி விழுந்தால் அந்த அடி எல்லாம் படகின் அடிவயிற்றில் இறங்கும். ஃபைபருக்கு மேல்பூச்சில் முதலில் மயிரிழை போல விரிசல் விடும், அப்புறம் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் இழைகளைப் பிரிக்கும். கட்டிய பெல்ட் துள்ளித் துள்ளியே தளர்ந்துவிடும். டயரும் நடுப்பட்டன் (தரையில் படும் பகுதியின் நடுப்பக்கம்) மட்டும் தேய்ந்து வீணாகும். ஆக, மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை. இரண்டுக்கும் நடுவில் நம் சுமைக்கான இடம் எது என்பதுதான் கேள்வி.

அதற்கு முதல் வேலை, டயரின் சைடுவாலைத் துடைத்துவிட்டுப் படிப்பது. ஈரத்துணியால் துடைத்து, செல்போன் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். மைத்துனன் முதலில் கொண்டு வந்து காட்டியது பழைய மாருதி 800 காரின் டயர்கள். 145/70 ஆர்12 69எஸ் என்று இருந்தது. கடைசியில் வரும் 69 என்பது சுமைக் குறியீடு. அது கிலோ இல்லை, ஒரு அட்டவணையின் வரிசை எண். 69 என்றால் 325 கிலோ. 75 என்றால் 387 கிலோ, 80 என்றால் 450, 90 என்றால் 600. எந்தக் கம்பெனி டயரானாலும் இந்தக் கணக்கு மாறாது. முழுக் காற்றில், நல்ல நிலையில் இருக்கும் ஒரு டயர் தாங்கக்கூடிய உச்ச எடை அது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கார் டயரைக் கார் அல்லாத சுமை வண்டியில் போட்டால் அந்த முழு எடையை எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்க விதிப்படி, கார் டயரை டிரெய்லரில் மாட்டினால் சைடுவாலில் உள்ள எடையை 1.10 ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 325 என்பது 295 ஆகிவிடுகிறது. டிரெய்லர் டயர் படும் பாடு வேறு. பக்கவாட்டில் இழுபடும், திருப்பத்தில் தேய்த்துக்கொண்டே வரும், பள்ளத்தில் விழுந்தால் ஓட்டுகிறவருக்கு உடனே தெரியாது. அந்த இடைவெளி தேவைதான்.

அதே சைடுவாலில் நான்கு இலக்கம் கொண்ட ஒரு எண்ணும் நீள்வட்டத்துக்குள் இருக்கும். 1821 என்று இருந்தால் 2021ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்த டயர். டிரெய்லரைப் பொறுத்தவரை இந்த எண் ரொம்ப முக்கியம், ஏனென்றால் டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அபூர்வம், வெயிலில் நின்றே கிழடாகிறது. பட்டன் புதுசாக இருக்கும், பக்கத்தில் விரலால் மடக்கினால் சின்னச் சின்ன வெடிப்பு தெரியும். நம் மாவட்டத்து வெயிலில் வருஷம் முழுக்கக் களத்து மேட்டில் நிற்கிற டயருக்கு எத்தனை பவுண்டு சரியாக அடித்தாலும் அது காப்பாற்றாது. பழைய டயர் கடையில் பட்டனைப் பார்த்து வாங்குகிறவர்கள் தயவு செய்து தேதியையும் பாருங்கள்.

அடுத்தது எடை. இங்கேதான் எல்லோரும் உத்தேசமாகச் சொல்வார்கள், "ஒரு நானூறு கிலோ இருக்குமுங்க" என்று. உத்தேசம் வேண்டாம். ஊருக்கு ஊர் எடை மேடை இருக்கிறது. புளியும் மாங்காயும் கரும்பும் நெல்லும் எடை போடும் ஊரில் ஒரு டிரெய்லரை எடை போட என்ன சிரமம்? சீசன் நேரத்தில் மட்டும் போகாதீர்கள், வரிசையில் நிற்க வேண்டும். பெரிய லாரிக்கான மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், பரவாயில்லை, நமக்கு அந்தத் துல்லியம் போதும்.

இரண்டு விதமாக எடை போட வேண்டும். முதலில் டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றி, முன் காலை ஊன்றி, முழுவதும் மேடையில் நிறுத்தி ஒரு எடை. அப்புறம் வண்டியில் மாட்டிக்கொண்டு, டிரெய்லரின் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி, இழுக்கும் வண்டி மேடைக்கு வெளியே நிற்கும்படி ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொக்கியில் இறங்கும் பளு. எங்களுக்கு படகு, மோட்டார், வலை, பேட்டரி எல்லாம் ஏற்றி மொத்தம் 480 கிலோ வந்தது. சக்கரம் மட்டும் 430. ஆக கொக்கியில் 50 கிலோ, அதாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இது நல்ல அளவு. கொக்கியில் பளு ரொம்பக் குறைந்தால், அதாவது படகு பின்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தால், டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அதற்குக் காற்று கூட்டிக் குறைத்து வைத்தியம் பார்க்க முடியாது, படகைத்தான் முன்னால் தள்ள வேண்டும். நிறையப் பேர் டயரைக் குறை சொல்வது இங்கேதான்.

430ஐ இரண்டு சக்கரத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு 215. மாருதி டயரே போதும் போலத் தெரிகிறது. ஆனால் மைத்துனன் திரும்பி வரும்போது என்ன செய்வான் என்று கேட்டேன். "மீனையும் ஐஸ் பெட்டியையும் படகுக்குள்ளயே வச்சுக்கிட்டு வந்துடலாம்னு இருக்கேன் மாமா" என்றான். நான் பயந்தது அதுதான். மீனும் ஐஸும் சேர்ந்து 170 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 650. கொக்கிக்குப் போனது போக சக்கரத்தில் 590 வரும், ஒரு சக்கரத்துக்கு 295. பெட்டி கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அந்தப் பக்கம் 310கூட ஆகும். வகுத்து வந்த 295 என்ற எல்லைக்கு மேலே போய்விடுகிறது, அதுவும் அது புது டயருக்கான எல்லை. "இந்த டயர் வேண்டாம் மாப்ளே" என்று சொல்லிவிட்டேன். எந்தக் காற்றை அடித்தாலும் சரிவராத டயர் அது.

பிறகு டாடா ஏஸ் மாதிரியான சின்னச் சுமை வண்டிகளுக்குப் போடும் 12 இஞ்ச் டயர் வாங்கினோம். எட்டுப் பிளை, அதாவது எட்டு நூலடுக்குக்கு இணையான பலம். சைடுவாலில் 86/84 என்றும் உச்ச அழுத்தம் 65 பவுண்டு என்றும் இருந்தது. 86 என்றால் 530 கிலோ, 84 என்றால் 500. இரண்டு எண் ஏன் என்றால், முதல் எண் ஒரு பக்கத்துக்கு ஒரே டயர் போட்டால், இரண்டாவது ஒரு பக்கத்துக்கு ஜோடி டயர் போட்டால். நமக்கு ஒற்றை டயர், அதனால் 530.

இப்போது கணக்கு. 65 பவுண்டில் 530 கிலோ தாங்குகிறது, எங்களுக்கு வேண்டியது 310. டயர் கம்பெனிகள் எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு எடை என்று அட்டவணை போடுகிறார்கள், அது கையில் கிடைத்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், அதில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் நேர் விகிதம் போடலாம். 45 பவுண்டு என்றால் 530ஐ 45ஆல் பெருக்கி 65ஆல் வகுக்க வேண்டும், சுமார் 367 கிலோ வருகிறது. உண்மையான அட்டவணை இதைவிடக் கொஞ்சம் கூடவே காட்டும், ஆகவே நேர் விகிதத்தில் போனால் பாதுகாப்பான பக்கத்தில்தான் இருப்போம். 40 பவுண்டுக்குப் போட்டுப் பார்த்தேன், 326 வந்தது. 310க்கு அது நெருக்கம், ஒரு பக்கம் இரண்டு பவுண்டு இறங்கினால் போச்சு. 50 போட்டால் வெறும் படகோடு போகும்போது துள்ளல் அதிகம். அதனால் 45.

அமெரிக்காவில் படகு இழுக்கிறவர்கள் வேறு வழியில் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே டிரெய்லருக்கென்றே எஸ்.டி. என்று தொடங்கும் டயர் தனியாக விற்கிறது. அதில் சுமை வகையைப் பொறுத்து உச்ச அழுத்தம் வழக்கமாக பி என்றால் 35, சி என்றால் 50, டி என்றால் 65, இ என்றால் 80 பவுண்டு. அங்கே பொதுவான பழக்கம், சைடுவாலில் போட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைக் காலைக் குளிரில் அப்படியே அடித்துவிடுவது. அந்த டயர்களை டிரெய்லரின் சுமைக்கு ஒட்டித் தேர்ந்தெடுப்பதால் உச்சத்தில் வைத்தாலும் பெரிதாகத் துள்ளாது, பக்கவாட்டு ஆட்டமும் குறையும். இணையத்தில் அதைப் படித்துவிட்டு நம் ஊரில் 500 கிலோ டிரெய்லருக்கு ஏஸ் டயரில் 65 அடிப்பது சரியாக வராது. அவர்களுக்கு டயரும் சுமையும் ஒட்டி இருக்கிறது, நமக்குக் கிடைக்கிற டயர் சுமையைவிடப் பெரிசாக இருக்கிறது.

இன்னொரு குழப்பம் டிராக்டரால் வருவது. டிராக்டரின் பெரிய பின் டயருக்கு வயலில் 15 பவுண்டை ஒட்டித்தான் காற்று இருக்கும். அந்தப் பழக்கத்தில் சிலர் டிரெய்லருக்கும் "இருபது போதுமே" என்பார்கள். டிராக்டர் டயர் பெரிய வயிறு, மெதுவான ஓட்டம், மண்ணில் பிடிப்பதற்காகக் குறைந்த அழுத்தம். தார் சாலையில் ஓடும் சின்ன டயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எண் கிடைத்துவிட்டது, அதை எப்போது அளப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 45 என்பது குளிர்ந்த டயருக்கான எண். குளிர்ந்த டயர் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நிழலில் நின்ற டயர். வெயில் ஏறுவதற்கு முன்னால் காலையில் வீட்டிலேயே பார்ப்பதுதான் உத்தமம். 45 பவுண்டு டயரில் உள்ளிருக்கும் காற்று 10 டிகிரி சூடானால் அழுத்தம் சுமார் 2 பவுண்டு ஏறும். காலையில் 45 வைத்துவிட்டு, மதியம் சித்திரை வெயிலில் ஓட்டிக்கொண்டு போய் அளந்தால் 49, 50 காட்டும். அது டயர் செய்யும் இயல்பான வேலை. அங்கே நின்றுகொண்டு "ஐயோ கூடிப்போச்சு" என்று காற்றைப் பிடுங்கிவிட்டால் மறுநாள் காலையில் அந்த டயர் 40இல் நிற்கும். சூடான டயரில் ஒருபோதும் காற்றைக் குறைக்காதீர்கள்.

இந்த ஏற்றத்தையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். காலையில் அளந்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, சுமையோடு ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்திய உடனே மறுபடி அளந்து பாருங்கள். பத்து சதவீதத்தை ஒட்டி ஏறியிருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். அதைவிட ரொம்ப அதிகமாக ஏறினால் காற்று குறைவு, அல்லது சுமை அதிகம், அல்லது வேகம் அதிகம். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்கார்ந்திருக்கும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், பேரிங் இறுகிச் சூடாகி டயரையும் சூடாக்கியிருக்கலாம். இன்னொரு சோதனை சாக்பீஸ். டயர் பட்டன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, நேரான தார் சாலையில் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டுப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் கோடு நின்றால் குறைவு, முழுதும் அழிந்தால் அந்தச் சுமைக்குச் சரி. எங்கள் டிரெய்லரில் வெறும் படகோடு நடுப்பக்கம் கொஞ்சம் கூட அழிந்தது, மீன் சுமையோடு முழுக்க அழிந்தது. அதிக சுமைக்குக் கணக்குப் போட்டதால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அளக்கும் மீட்டரைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் வருஷக்கணக்காகக் கீழே விழுந்து எழுந்த மீட்டர்களை நம்பி இவ்வளவு கணக்கும் போடுவது வீண். சில மீட்டரில் பவுண்டுக்குப் பதில் பார் இருக்கும், 1 பார் என்பது 14.5 பவுண்டு, 45 பவுண்டு சுமார் 3.1 பார். எப்போதும் ஒரே மீட்டரால் அளப்பது முக்கியம், இரண்டு டயருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசமாவது பொய் சொல்லாது. இரண்டு டயரும் சமமாக இருப்பது டிரெய்லருக்கு உயிர் போன்றது. ஒரு பக்கம் குறைந்தால் டிரெய்லர் அந்தப் பக்கம் இழுக்கும், தொப்பூர் கணவாய் இறக்கம் மாதிரி இடத்தில் அந்த இழுப்பு ஒன்று போதும் வண்டியின் பின்பக்கத்தை அசைத்துவிட. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளிலும் அதே கதைதான். இழுக்கும் வண்டியின் பின் டயரையும் மறக்கக் கூடாது, கொக்கியில் இறங்கும் 50 கிலோவும் வண்டியில் ஏற்றும் சாமானும் அதன் தலையில்தான்.

படகு டிரெய்லருக்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு, அது ஏரிக்கரை. நம் ஏரிகளில் படகு இறக்கச் சிமெண்ட் சரிவு எல்லாம் கிடையாது. கரை ஓரத்தில் களிமண், தண்ணீர் வற்றினால் சேறு. சக்கரம் புதையும். அங்கே காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து புதையாமல் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் டியூப்லெஸ் டயரில் ரொம்பக் குறைத்துவிட்டுச் சேற்றில் திருப்பினால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும், அந்த இடத்தில் அதை மறுபடி உட்கார வைக்கவே முடியாது. 25க்குக் கீழே இறக்காதே என்று மைத்துனனிடம் சொல்லியிருக்கிறேன். குறைத்தால் திரும்பத் தார் சாலைக்கு ஏறுவதற்கு முன் 45 ஆக்கியே தீர வேண்டும், "பக்கத்து ஊர்ல பங்க் இருக்கு, அங்க போய் அடிச்சுக்கலாம்" என்ற பேச்சே கூடாது. மீன் சுமையோடு 25 பவுண்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே நூல் அறுந்திருக்கும், ஒரு மாதம் கழித்துச் சம்பந்தமே இல்லாத ஒரு நாளில் வெடிக்கும். அதற்காகவே பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றை வண்டியில் போட்டிருக்கிறான். 12 இஞ்ச் டயர் என்பதால் சீக்கிரம் ஏறிவிடுகிறது. முடிந்தவரை காற்றைக் குறைக்காமல் இரண்டு பலகை போட்டு ஏற்றுவதுதான் என் கட்சி.

அப்படியே இன்னொன்று. வெகுதூரம் ஓடிச் சூடாக இருக்கும் ஹப்பை நேராகத் தண்ணீருக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் கெட்டு, பேரிங் போய், அப்புறம் சக்கரம் ஆடி டயர் கோணலாகத் தேயும். கரைக்கு வந்ததும் கால் மணி நேரம் நிற்க விட்டுவிட்டு இறக்கினால் போதும்.

ஏரியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் டிரெய்லர் சும்மா நிற்கும். சும்மா நின்றாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு காற்று தானாக இறங்கிவிடும். படகோடு அப்படியே நிறுத்தினால் டயரின் ஒரே இடம் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும். அச்சுக்குக் கீழே கல் வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து விரலளவு தூக்கிவிட்டு, டயர் மேல் பழைய சாக்குப் போட்டு மூடி வைக்கச் சொன்னேன். மழை பெய்து ஏரி நிரம்பி முதல் தடவை எடுக்கும்போது, காற்று அடிப்பதற்கு முன்னால் சைடுவால் முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டும், உள்பக்கத்தையும் சேர்த்து.

இப்போது அந்த டிரெய்லரின் இரண்டு மட்கார்டிலும் வெள்ளை பெயிண்டில் "காலை 45" என்று எழுதியிருக்கிறது. ஓட்டுகிறவர் மாறினாலும், காற்று அடிக்கிறவர் மாறினாலும் எண் மாறக் கூடாது என்பதற்காக. ஸ்டெப்னிக்கு மட்டும் 50 வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை யாரும் வாரா வாரம் பார்க்கப் போவதில்லை, தேவைப்படும் நாளில் அது 45க்குக் கீழே போயிருக்கக் கூடாது.